ஏர் பிரேக் சத்தத்தில் ஒரு ஞானஸ்நானம்

குழந்தை வளர்ப்பைப் பற்றி இப்போதெல்லாம் என்னிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. கேட்காமலேயே அள்ளி வழங்கிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. திருவொற்றியூரில் எங்கள் கீழ் வீட்டுக் குழந்தை அழுதால் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, பசியா, வயிற்றுவலியா, வெறும் பிடிவாதமா என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன். (என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. தீர்ப்பு சொல்ல அது போதாதா?) அந்த வியாதி எனக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் குணமானது. எப்படிக் குணமானது என்பதை என் மனைவியின் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். என்னைத் தவிர எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் அனுப்பும் ஒரு ஏஜென்சியில் எனக்கு வேலை. எந்தப் பெட்டி எந்த நேரத்தில் கேட்டுக்குள் போக வேண்டும் என்று திட்டம் போடுவதும், ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு வெயிலில் நிற்கும் டிரெய்லர் டிரைவர்களுக்குப் போன் போட்டுக் கத்துவதும்தான் அந்த வேலை. எதையும் நேரப்படி உள்ளே அனுப்பலாம், நேரப்படி வெளியே எடுக்கலாம் என்பது என் தொழில் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை என் மகள் ஜெனியின் மூத்திரப்பை வரைக்கும் நீட்டியது என் தப்பு.

டயபரை நிறுத்தலாம் என்று முடிவு செய்தவள் என் மனைவி ஸ்டெல்லா. "நீ விடு, நான் பாத்துக்கறேன்" என்று குறுக்கே விழுந்தவன் நான். நான்கைந்து வீடியோ பார்த்தேன். எல்லாவற்றிலும் பால் போல வெள்ளையாக ஒரு குளியலறை, அதில் சிரித்த முகமாக ஒரு வெளிநாட்டு அப்பா. நானும் வாத்துத் தலை வைத்த நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கினேன். நடுவில் பள்ளம், அடியில் கிண்ணம். வீட்டில் அதன் பெயர் 'வாத்து'. அரை மணிக்கு ஒருமுறை போனில் அலாரம் வைத்தேன். அலாரம் அடித்ததும் ஜெனியைத் தூக்கி வாத்தின் மேல் உட்கார வைத்து, "ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்" என்பேன்.

இந்த 'ஸ்ஸ்ஸ்' நம் வீடுகளில் காலங்காலமாக நடப்பது. குழந்தையைக் காலில் உட்கார வைத்து எல்லா அம்மாக்களும் செய்வது. யாரும் இதைத் தாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டதில்லை. நான் சொல்லிக்கொண்டேன். என் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. சின்ன வயதில் அதனால் பட்ட கேலி கொஞ்சமில்லை. அந்தச் சந்து வழியாகக் காற்றை விட்டால் பிரஷர் குக்கரே திரும்பிப் பார்க்கும். ஒரே வாரத்தில் ஜெனி இந்தச் சத்தத்துக்கு அப்படிப் பழகினாள். 'ஸ்' என்று தொடங்கினால் போதும், குழாய் திறந்தாற்போல வந்துவிடும். கை தட்டுவேன், அவளும் தட்டுவாள். ஆபீசில் மூன்று பேருக்கு இந்த முறையை விளக்கிச் சொன்னேன். அதில் ஒருவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ஸ்டெல்லா மட்டும் கை தட்டவில்லை. "வந்தா அவளா வாய தொறந்து சொல்லணும். அதுக்குப் பேருதான் பழகறது. இங்க நீங்க சத்தம் குடுக்கறீங்க, அவ போறா. அவ எங்க பழகனா? நீங்கதான் பழகிகினு இருக்கீங்க" என்றாள்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் ராயபுரத்திலிருந்து அந்தப் போன் வந்தது. ஸ்டெல்லாவின் அண்ணன் சேவியர், காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் வியாபாரம். அவரும் ஸ்டெல்லாவும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. அதற்கும் காரணம் அடியேன்தான். ஜெனியின் ஞானஸ்நானத்துக்குத் தாய்மாமன் சேவியரைத்தான் ஞானத்தகப்பனாக (சடங்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்) நிறுத்துவோம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், சேவியர் உட்பட. நான் என் மேனேஜரை நிறுத்தினேன். (பதவி உயர்வு வரும் என்று ஒரு நப்பாசை. மேனேஜர் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார், அடுத்த மாதமே தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.) சேவியர் அன்று கோயிலோடு திரும்பிப் போனவர். பிரியாணியில் கை வைக்கவில்லை.

அந்த மனிதர்தான் இப்போது தங்கைக்குப் போன் செய்தார். அவருக்குப் பையன் பிறந்து மூன்று மாதம்.

"ஞாயித்துக்கெழம ஆன்டோவுக்கு ஞானஸ்நானம். நீயும் உன் வூட்டுக்காரரும்தான் ஞானத்தாய், ஞானத்தகப்பன். சாமியார் கிட்ட பேரு குட்துட்டேன். அவர் செஞ்சத நான் செய்ய மாட்டேன். பத்தரைன்னா பத்தரைக்கு வந்துரணும். வர்லேன்னா என் மச்சான நிக்க வெச்சுருவேன். அப்பால ஜென்மத்துக்கும் அண்ணன்னு கூப்டுகினு வராத."

போனை வைத்துவிட்டு ஸ்டெல்லா அழுதாள். பிறகு பீரோவைத் திறந்து தன் கல்யாணச் சேலையை எடுத்தாள். வெள்ளைப் பட்டு, மெல்லிய ஜரிகை. ஞானஸ்நானக் குழந்தைக்கு வெள்ளை ஆடை கொண்டுபோக வேண்டியவர்கள் ஞானப் பெற்றோர். கடையில் எடுக்கலாம் என்றேன். அவள் முந்தானையை வெட்டினாள். ஒரு வாரம் உட்கார்ந்து கையாலேயே ஒரு சின்ன அங்கி தைத்தாள். கழுத்தைச் சுற்றி லேஸ், நெஞ்சில் ஜரிகை நூலில் குட்டியாக ஒரு சிலுவை. அண்ணனிடம் வாயால் கேட்க முடியாத மன்னிப்பை அவள் ஊசியால் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் செய்த காரியத்தைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

ஞாயிறு காலை. ஒன்பதரை மணிக்குக் கிளம்பத் தயாரானோம். சாதாரணமாக இருபது நிமிட வழி. ஸ்டெல்லா பையில் இரண்டு டயபர் எடுத்து வைத்திருந்தாள். கஸ்டம்ஸ்காரர் போலப் பையைப் பிரித்து இரண்டையும் வெளியே எடுத்து வைத்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள் போட்டுக்கட்டுமே" என்றாள்.

"ஒரு நாள் போட்டா பத்து நாள் டிரெய்னிங் வேஸ்ட்டு. வாத்தக் கார்ல ஏத்திக்கலாம். கோயில் வாசல்ல நான் சத்தம் குடுக்கறேன். முடிஞ்சுது."

சண்டை போட அன்றைக்கு அவளுக்கு மனமில்லை. மூன்று ஜட்டி, பழைய வேட்டித் துண்டுகள் கொஞ்சம், அங்கி இருந்த துணிப்பை, மெழுகுவர்த்தி எல்லாம் எடுத்துக்கொண்டாள். தெருமுனையில், "ஹை ரோடுல போங்க" என்றாள். நான் கடலோரத்து எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் வண்டியைத் திருப்பினேன். ஞாயிற்றுக்கிழமை டிரெய்லரே இருக்காது, கடல் காற்று வாங்கிக்கொண்டு போகலாம், போர்ட் விஷயமெல்லாம் என்னிடம் விட்டுவிடு என்றேன்.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஏறி ஐந்து நிமிடத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு டிரெய்லர் நின்றது. அதற்கு முன்னால் இன்னொன்று. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை டிரெய்லர்கள்தான் மூன்று வரிசையாக நின்றன. திரும்பலாம் என்று கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. வலது பக்கம் நடுச்சுவர், இடது பக்கம் இன்னொரு டிரெய்லர். எங்கள் குட்டிக் கார் நடுவில் நின்றது.

டிரெய்லர் நிற்கும்போது ஏர் பிரேக்கிலிருந்து காற்று வெளியேறும் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். வட சென்னையில் பிறந்தவர்கள் காதில் அது விழுவதே இல்லை, அவ்வளவு பழக்கம். முன்னால் இருந்த டிரெய்லர் இரண்டடி நகர்ந்தது, நின்றது.

"உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்."

பின் சீட்டில் ஸ்டெல்லா மடியிலிருந்த ஜெனி சந்தோஷமாகக் கை தட்டினாள்.

"ஐயையோ, போய்ட்டா" என்றாள் ஸ்டெல்லா. அவள் சேலை மடி முழுக்க ஈரம்.

கிளம்பும்போது நான் அலாரம் வைக்க மறந்ததுதான் காரணம் என்று விளக்கினேன். ஜட்டி மாற்றினாள். அழாமல் இருக்க ஜெனிக்கு ஒரு மாம்பழ ஜூஸ் டப்பாவை உறிஞ்சக் கொடுத்தேன். (இது என் யோசனை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.) ஐந்து நிமிடம் கழித்து இடது பக்கத்து வண்டி நகர்ந்து நின்றது. உஸ்ஸ்ஸ். இரண்டாவது ஜட்டி. பிறகு பின்னால் நின்ற வண்டி. உஸ்ஸ்ஸ். மூன்றாவது ஜட்டி. பாவம் குழந்தை, இருப்பதையெல்லாம் பங்கு போட்டுத் தவணை முறையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் கை தட்டிவிட்டு, அப்பா ஏன் தட்டவில்லை என்று என்னைப் பார்த்தாள்.

ஸ்டெல்லாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "தோ பாருங்க," என்றாள் மெதுவாக, "இவளுக்கு லாரி சத்தமும் ஒண்ணுதான், உங்க சத்தமும் ஒண்ணுதான்."

கண்ணாடிகளை ஏற்றினோம். பெரிய பயன் இல்லை. என் பழைய காரின் ஏசி பாதி நேரம் அனல்தான் கக்கும். மணி பத்தேகால் ஆகிவிட்டது. கோயிலில் சேவியர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மச்சான், அதாவது அண்ணியின் தம்பி, இந்நேரம் கோட்டு மாட்டியிருப்பார். ஸ்டெல்லா போனைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணனுக்குப் போட்டுச் சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததும் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றும்போதெல்லாம் நான் சும்மா இருந்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

காரிலிருந்து இறங்கி முன் வண்டி டிரைவரிடம் போனேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் கேட்டேன்.

"அண்ணே, ஒரு உதவி. கொஞ்ச நேரத்துக்கு பிரேக்ல காத்து விடாம இருக்க முடியுமா?"

"இன்னா சார்?"

"அந்த உஸ்ஸுன்னு வர்ற சத்தம். அத கேட்டா எங்க கொழந்த உச்சா போயிடுது. ஞானஸ்நானத்துக்குப் போறோம்."

அவர் என்னை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார். கோட்டு, டை, நெற்றியில் ஆறாக வியர்வை. "காத்து நான் வுடல சார், அதுவா வுட்டுக்குது. வுடாத இருந்தா வண்டி நிக்காது. உன் கார் மேல ஏறிக்கினா பரவால்லியா?" என்றவர் சட்டென்று குனிந்து, "இரு, இரு. உன் கொரலு எங்கியோ கேட்ட மாரி கீது. நேத்து சாயங்காலம் போன்ல கூவுனது நீதான? 'ஞாயித்துக்கெழம ரோடு காலியா இருக்கும், வண்டிய எடு, திங்கக்கெழம கப்பல்'னு?"

நான்தான். திங்கட்கிழமைக் கப்பலுக்காக எங்கள் ஆபீஸ் பெட்டிகளையெல்லாம் ஞாயிறே உள்ளே தள்ளச் சொல்லி முந்தின நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியவன் நான்தான். எங்களைப் போலவே எல்லா ஆபீசிலும் ஒரு புத்திசாலி அதையே யோசித்திருக்கிறான். எனக்கு முன்னால் நின்ற வரிசையில் பாதியை நானே அனுப்பி வைத்திருந்தேன்.

"விடியக்காத்தால நாலு மணிலேர்ந்து நின்னுகினு கீறேன் சார்," என்றார் அவர். கோபமே இல்லாமல் சொன்னார், அதுதான் கஷ்டமாக இருந்தது. "இந்த ரோடு நெடுக்க ஒரு கக்கூஸ் கீதா சொல்லு. நான் எங்க போறதுன்னு தெரியாத அடக்கிகினு குந்திகினு கீறேன். உன் பொண்ணாவது நென்ச்சா போவுது."

திரும்பி நடந்தேன். எனக்குப் பின்னால் அவர் பக்கத்து வண்டிக்காரரைக் கூப்பிட்டு ஏதோ சொல்வது கேட்டது. பக்கத்து வண்டிக்காரர் அவருக்கு முன்னால் இருந்தவரிடம் சொன்னார். செய்தி வரிசை நெடுகப் போனது. நான்கு மணியிலிருந்து பொழுது போகாமல் கிடந்தவர்கள். அடுத்த நிமிடம் முன்னால் ஒரு வண்டி, நகரவே இல்லை, நின்ற இடத்திலேயே 'உஸ்ஸ்ஸ்' என்றது. இடது பக்கத்தில் ஒன்று பதில் சொன்னது. பிறகு வரிசையாக, உஸ்ஸ்ஸ், உஸ்ஸ்ஸ், உஸ்ஸ்ஸ். எங்கோ தூரத்தில் ஒருவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வருடக்கணக்காக நான் போனில் கத்தியதற்கு அவர்கள் காற்றை மட்டும்தான் விட்டார்கள்.

"வாத்த எடுங்க" என்றாள் ஸ்டெல்லா.

முன் சீட்டிலிருந்த வாத்து பின் சீட்டுக்குப் போனது, ஜெனி அதன் மேல் உட்கார்ந்தாள். இடத்தை ஒழிக்கப் பைகளையெல்லாம் ஸ்டெல்லா முன் சீட்டுக்குக் கடத்தினாள். அடுத்த கச்சேரிக்கு ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை. கிண்ணம் கிட்டத்தட்ட நிறைந்தது. எனக்கு உச்சி குளிர்ந்தது. "பாத்தியா, முறை சரிதான்" என்றேன். ஸ்டெல்லா அதைக் கேட்காதது போல, ஜட்டியெல்லாம் தீர்ந்துவிட்டது, குழந்தையைக் கழுவத் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று இறங்கி, டிரெய்லர்களுக்கு நடுவில் நுழைந்து ஓரத்துக் கடைக்குப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் வரிசை நகர ஆரம்பித்தது.

அரை மணி நேரமாக இரண்டடிக்கு மேல் நகராத வரிசை. பின்னாலிருந்து ஹாரன் காதைப் பிளந்தது. வாத்திலிருந்து கழற்றிய கிண்ணத்தை வெளியே கொட்ட நேரமில்லை. அதை அப்படியே முன் சீட்டில் என் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். பத்தடி போனேன். முன் வண்டி நின்றது. நானும் நிறுத்தினேன். கிண்ணம் நிற்கவில்லை.

சீட்டுக்குப் புதிதாக ரெக்சின் கவர் போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த நொடியில் என் மூளையில் இருந்தது அந்தக் கவர் மட்டும்தான். கையை நீட்டினேன், ஒரு துணிப்பை அகப்பட்டது, உள்ளே வெள்ளையாக ஏதோ துணி. வேட்டித் துண்டு என்று உருவித் துடைத்தேன். அழுத்தி, மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். துணி சரியாக உறிஞ்சவே இல்லை. வழவழவென்று வழுக்கியது. இதென்ன துணி, ஒன்றுக்கும் உதவாத துணி என்று வாய்விட்டுத் திட்டினேன். அப்போதாவது குனிந்து பார்த்திருக்கலாம்.

ஸ்டெல்லா தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து கதவைத் திறந்தாள். "சீட்ட தொடச்சிட்டேன், கவலப்படாத" என்றேன் பெருமையாக.

அவள் சீட்டைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். லேஸ் என் சுண்டு விரலில் மாட்டியிருந்தது. அந்தச் சின்னச் சிலுவை மஞ்சளாக நனைந்து கிடந்தது.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. அங்கியை என் விரலிலிருந்து மெதுவாகக் கழற்றினாள். பாட்டில் தண்ணீரை அதன் மேல் ஊற்றி அலசிப் பார்த்தாள், கறை இன்னும் பரவியது. அதைப் பிழிந்து மடித்துத் துணிப்பையில் போட்டாள். "வண்டிய எடுங்க" என்றாள். அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. எனக்கு அப்படியே கதவைத் திறந்து கடலில் இறங்கிவிடலாம் போல இருந்தது. ஆறு வருடம் ஒரு மடிப்புக் கலையாமல் அவள் வைத்திருந்த சேலை அது.

கோயில் காசிமேட்டுக் கடலோரத்தில் ஒரு சின்னக் கோயில். நாங்கள் போய்ச் சேரும்போது பத்தே முக்கால் தாண்டிவிட்டது. வாசற்படியில் சேவியர் சாமியாரை மறித்துக்கொண்டு நின்றார். "ரெண்டே நிமிஷம் ஃபாதர், தோ வந்துட்டாங்க" என்று எத்தனையாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாரோ. உள்ளே அண்ணியின் தம்பி ஆன்டோவைக் கையில் ஏந்திக்கொண்டு, ஞானத்தகப்பனாகவே மாறி நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் குழந்தையை மனமில்லாமல் கொடுத்தார். சேவியர் வாசற்படியிலிருந்து உள்ளே வந்தார். தங்கையின் ஈரச் சேலையைப் பார்த்தார், அழுத கண்ணைப் பார்த்தார். அதற்கும் என்னைத்தான் முறைத்தார்.

சடங்கு ஆரம்பித்தது. சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்டார். "விட்டுவிடுகிறேன்" என்றேன். பக்கத்திலிருந்து ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையில், சாத்தான் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததாகத் தெரியவில்லை. தண்ணீர் ஊற்றினார், ஆன்டோ வீரிட்டான், எண்ணெய் பூசினார். அடுத்து அந்தக் கட்டம் வந்தது.

"வெள்ளை ஆடை?" என்றார் சாமியார்.

ஸ்டெல்லா தோளில் மாட்டியிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளை ஆடை எங்கப்பா?"

"இன்னா, எட்தாரலியா?" என்றார் சேவியர். மறுபடியும் இவன் நம்மை அவமானப்படுத்திவிட்டான் என்று அவர் நினைப்பது முகத்தில் அப்படியே தெரிந்தது.

கோயில் அலமாரியில் துணி இருக்கும், சாவி கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில் பிள்ளையிடம், அவர் பூசை முடிந்ததும் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏதாவது சுத்தமான வெள்ளைத் துணி இருந்தாலும் போதும்" என்றார். எல்லோரும் பையைத் துழாவினார்கள். விசேஷ வீட்டுக் கூட்டத்தில் வெள்ளையைத் தவிர மற்ற எல்லா நிறமும் இருந்தது. அண்ணியின் தம்பி நீட்டிய கைக்குட்டை மெரூன். என் சட்டை இளநீலம்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. (ஆமாம், மறுபடியும்.) ஆன்டோவை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு, ஒரு தூணுக்குப் பின்னால் போய்க் கோட்டைக் கழற்றினேன், சட்டையைக் கழற்றினேன். காலையில்தான் பாக்கெட் பிரித்துப் போட்ட பனியன். அரைக்கை வைத்தது, பளீரென்ற வெள்ளை. சுத்தம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், எக்ஸ்பிரஸ் ரோட்டு வியர்வை முழுவதும் அதில்தான் இருந்தது. சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு, பனியனை இரண்டு கையாலும் ஏந்தி வந்து சாமியாரிடம் நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். அங்கிருந்து மறுப்பு எதுவும் வராததால் ஆன்டோவின் தலை வழியாக மாட்டிவிட்டார். குழந்தை அதற்குள் காணாமல் போனது. கழுத்து வழியாகத் தோள் வெளியே வந்தது. கைகள் இரண்டும் பனியன் கைக்குள்ளேயே நின்றுவிட்டன. முதுகுப் பட்டியில் 'அளவு 95' என்று எல்லோருக்கும் தெரிந்தது. போட்டோக்காரர் அதையும் விடாமல் எடுத்தார்.

முதலில் 'க்ளுக்' என்றது அண்ணி. பிறகு பின் பெஞ்சு. பிறகு எல்லாரும். சாமியார் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். கோபத்தில் சிவந்திருந்த சேவியர் எல்லோரையும் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரலை வைத்து, பலமாக,

"உஸ்ஸ்ஸ்ஸ்" என்றார்.

நானும் ஸ்டெல்லாவும் ஒரே நேரத்தில் ஜெனியைப் பார்த்தோம். கவுன் மட்டும் போட்டுக்கொண்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல், பீடத்துக்கு முன்னால் பளிங்குத் தரையில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துவிட்டாள். ஜெனி மாமாவைப் பார்த்தாள். குனிந்து தன்னையே பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு கோயிலுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"உச்சா தீந்துபோச்சு."

உச்சா விஷயமாக அவள் தானாக வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

முதலில் சிரித்தவள் ஸ்டெல்லா. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் குலுங்கினாள். "இன்னாம்மே?" என்று சேவியர் பதறினார். அவள் துணிப்பையிலிருந்து அந்த ஈர அங்கியை எடுத்து அவர் கையில் கொடுத்து, எக்ஸ்பிரஸ் ரோட்டில் நடந்ததை மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அவர் அந்த ஜரிகையை அடையாளம் கண்டுகொண்டார். விரலால் தடவிப் பார்த்தார். "கல்யாணச் சேலையாம்மே? எதுக்கு வெட்டுன?" என்றார். கண் கலங்கியது. அடுத்த வரியில் நான் டிரெய்லர் டிரைவரிடம் கெஞ்சிய கட்டம் வந்தது. அவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணனும் தங்கையும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு வருடச் சண்டை தீர நான் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை. சும்மா நின்றால் போதுமானதாக இருந்தது. அன்று பிரியாணியில் எனக்கு இரண்டு முட்டை வைத்தார் சேவியர்.

அங்கியின் கறை நான்கு முறை துவைத்தும் முழுக்கப் போகவில்லை. ஸ்டெல்லா அதைப் பீரோவில் சேலையோடு வைத்திருக்கிறாள். எப்போதாவது எடுத்துப் பிரித்துப் பார்ப்பாள். அப்போது நான் அறையில் இருப்பதில்லை. ராயபுரத்தில் சேவியர் வீட்டு ஹாலில் பனியனுக்குள் ஆன்டோ அழும் போட்டோ பெரிதாக மாட்டியிருக்கிறது. அவன் பள்ளிக்கூடத்தில் இன்னொரு ஆன்டோ உண்டு. அதனால் இவன் 'பனியன் ஆன்டோ'. அவனுக்கே அந்தக் கதை என்னைவிட நன்றாகத் தெரியும்.

போன மாதம் அவனுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் சடங்கு. அதற்கும் வெள்ளை உடுப்புதான், வழக்கப்படி ஞானத்தகப்பன்தான் எடுத்துத் தர வேண்டும். பத்து நாளைக்கு முன்பே சேவியருக்குப் போன் செய்து அளவு கேட்டேன்.

"மாப்ள, டிரெஸ்ஸு நாங்களே எட்துட்டோம். நீ ஒண்ணியும் எட்தாராத, கைய வீசிகினு வா," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "பனியன் மட்டும் நல்லதா போட்டுகினு வா. எதுக்கும் இருக்கட்டும்."

புதுநன்மை நாள் காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தேன். கட்டிலில் என் சட்டைக்குப் பக்கத்தில் ஸ்டெல்லா இஸ்திரி போட்ட வெள்ளைப் பனியன் இரண்டு எடுத்து வைத்திருந்தாள்.